மறுநாள் காலைக் கணக்கு

அறுபத்தெட்டு வயதில் எனக்குப் பாடம் நடத்தியது என் இடது குதிகால். காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் முதல் பத்தடி நொண்டல்தான். குதிகாலுக்கு மூன்று விரற்கடை மேலே, கெண்டைச் சதையிலிருந்து கயிறுபோல் இறங்கும் தசைநாண் பூண்டுப் பல் அளவுக்குத் தடித்திருந்தது. தொட்டால் சுள்ளென்றது.

தைலம் தேய்த்தேன்; தேய்க்கும்போது சுகம், விடிந்தால் பழைய வலி. ஒரு மாதம் நடக்காமல் கிடந்தேன். வலி அடங்கியது, நடக்கத் தொடங்கிய மூன்றாம் நாளே திரும்பிவிட்டது. “ஸ்டீராய்டு ஊசி ஒண்ணு போட்டுக்குங்க சம்பந்தி, பறந்துடும்” என்றார் சம்பந்தி.

பிசியோதெரபி பார்க்கும் பெண் தலையசைத்தாள். “கொஞ்ச நாள் வலி தெரியாது சார். ஆனா நாண் பலவீனமாகி அறுந்துபோற ஆபத்து இருக்கு. இதுக்கு மருந்து பாரம்தான்.”

வலிக்கிற காலுக்குப் பாரமா? ஸ்வீடன் மருத்துவர் ஹோகன் ஆல்ஃப்ரெட்சனின் கதையைச் சொன்னாள். அவருக்கே இந்த வலி. அறுவை சிகிச்சை கேட்டார், மறுத்துவிட்டார்கள். அறுந்தால் செய்துதானே ஆகவேண்டும் என்ற வீம்பில் காலுக்குப் பாரம் ஏற்றினாராம். நாண் அறவில்லை, வலி போயிற்று. அந்தப் பயிற்சியை 15 ஓட்டக்காரர்களுக்குக் கொடுத்து, 1998-இல் முடிவை வெளியிட்டார். 12 வாரத்தில் அத்தனை பேரும் மறுபடி ஓடினார்கள்.

படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, இரு காலால் எம்பி, வலிக்கும் காலால் மட்டும் மெல்ல இறங்க வேண்டும். முட்டியை நீட்டி மூன்று பதினைந்து, மடக்கி மூன்று பதினைந்து, காலையும் மாலையும். நாளுக்கு 180 முறை! வலி குதிகால் எலும்பை ஒட்டியே இருந்தால் குதிகாலைப் படிமட்டத்துக்குக் கீழே இறக்கக் கூடாது.

வேறு வழிகளையும் விசாரித்தேன். வாரம் மூன்று நாள் கனமான எடையை மெதுவாகத் தூக்கினாலும் இதே அளவு பலன் என்று 2015-இல் டென்மார்க்கில் கண்டிருக்கிறார்கள். அதிர்வலை சிகிச்சை பயிற்சியோடு சேரும்போது கூடுதலாக உதவலாம். நம் ரத்தத்தையே பிரித்து ஏற்றும் பிளேட்லெட் ஊசி 2010, 2021 ஆய்வுகளில் பொய் ஊசியை விஞ்சவில்லை.

“வலிச்சா நிறுத்திடணுமா?” என்று கேட்டேன். “லேசா வலிக்கட்டும் சார். மறுநாள் காலையில கூடியிருக்கான்னு பாருங்க. கூடலைன்னா அளவு சரி. கூடியிருந்தா குறைச்சுக்குங்க, விட்டுடாதீங்க.”

நான்கு மாதத்தில் நொண்டல் போயிற்று. அந்த வாக்கியம் போகவில்லை. பணி ஓய்வு பெற்ற நாளிலிருந்து பிள்ளைகள் என்னை ஒரு துரும்பையும் எடுக்க விடவில்லை. அன்புதான், நானும் பெருமையாக உட்கார்ந்துவிட்டேன். பத்தாண்டில் கால் மட்டுமா தளர்ந்தது? சின்னக் கணக்குக்கும் பேரனைக் கூப்பிட்டேன். சிறு வருத்தத்துக்கும் தூக்கம் கெட்டது.

இப்போது ரேஷன் அரிசிப் பையை நானே தூக்கி வருகிறேன். “வேண்டாம்ப்பா, குடுங்க” என்று மகன் கை நீட்டுகிறான். “நாளைக்குக் காலையில சொல்றேன்” என்கிறேன்.