அளந்து பார்க்கிற பெண்

"மரை கழன்ற கேஸ்" என்று கேலி பேசுகிறோமே, அந்த மரையை அளக்கத் தனிப் படிப்பே உண்டென்பது என் மகள் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

"போல்ட்டின் பருமன் மட்டும் சரியாயிருந்தால் போதாதும்மா. 10 மில்லி மீட்டர் சாதாரண போல்ட்டில் மரைக்கு மரை 1.5 மில்லி மீட்டர் இடைவெளி, 60 டிகிரி கோணம் இருக்கணும்" என்பாள். சோதிக்க இரண்டு கேஜ்கள். 'கோ' கையாலேயே சுலபமாகப் பொருந்த வேண்டும். 'நோ-கோ' முழுவதுமாக ஏறிவிடக் கூடாது. இன்னும் நுணுக்கமாக அளக்க, ஒரே பருமனுள்ள மூன்று கம்பிகளை மரைப் பள்ளங்களில் வைத்து மைக்ரோமீட்டரால் அளப்பார்களாம். சூட்டில் இரும்பு விரியுமே, அதனால் அளவெல்லாம் 20 டிகிரிக்குத்தான் கணக்கு!

போன மாதம் பெண் பார்க்க வந்த அம்மாள், "ஆணி எண்ணுகிற வேலைதானே, கல்யாணமானதும் விட்டுடலாமே" என்றார். என் மகள் நிதானமாகச் சொன்னாள்: "அன்றைக்கு ஒரு போல்ட்டில் நோ-கோ ஏறிவிட்டதும்மா. அந்தப் பெட்டி முழுவதையும் நிறுத்தி வைத்தேன். இறுக்கினாற்போல்தான் இருக்கும். பாரம் வந்தால் மரை சீவிக்கொண்டு போகும். அது எந்த வண்டிச் சக்கரத்துக்குப் போகுமோ, யார் கண்டது?"

வந்தவர்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. சொந்தக்காரர்கள் என்னைத்தான் குறை சொல்கிறார்கள்.

சகோதரிகளே, குக்கர் கைப்பிடி ஸ்க்ரூவை முதல் இரண்டு சுற்று விரலாலேயே திருகுங்கள். ஏறாவிட்டால் முரட்டுத்தனமாய் முடுக்காதீர்கள். மரை வேறாக இருக்கலாம். சம்பந்தமும் அப்படித்தான். வேலையை விடு என்று என் பெண்ணிடம் நான் சொல்லப் போவதில்லை.