மரம் யாருடையது?

தாத்தா வச்ச தென்னை 23. கொடம் கொடமா தண்ணி சுமந்து வளத்தது அப்பாயி. நிலம், 1892 அரசாணையில தொடங்கி எங்க சனத்துக்குன்னு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம். பட்டா மட்டும் எப்படியோ ஆண்டை பேருல. எங்க நிலத்துலயே நாங்க வாரத்துக்கு.

2012-ல ஒரு மரம் சாஞ்சு ஆண்டை மாட்டுக்கொட்டகை மேல விழுந்துச்சு. "ஒங்க மரம்தானடா"ன்னு அப்பாவை வாசல்ல நிக்க வச்சு 2,000 ரூபாய் வாங்குனாங்க. அன்னைக்கு மரம் எங்களுடையது.

2018 நவம்பர் 16 விடியக்காலம், வேதாரண்யம் பக்கம் கஜா கரையேறுச்சு. 19 மரம் வேரோடு போச்சு. தென்னைக்கு 600, வெட்டி அகற்ற 500, ஆக மரத்துக்கு 1,100 ரூபாய் என்றது அரசாங்கம். கணக்கெடுக்க வந்தவர் சிட்டா கேட்டார். பணம் ஆண்டை கணக்குக்குப் போச்சு. அன்னைக்கு மரம் அவருடையது.

காப்பீடு செஞ்சிருக்கலாமேன்னு கேக்குறாங்க. போய்க் கேட்டேன். அங்கயும் முதல் கேள்வி சிட்டாதான்.

பஞ்சமி நிலத்தைப் பத்து வருசம் விக்கக் கூடாது. பிறகும் எங்க சனத்துக்குத்தான் விக்கணும். அந்த நிபந்தனைதான் எங்களுக்கு இருந்த ஒரே காப்பீடு. அதைச் சாய்ச்சது எந்தப் புயலும் இல்லை.

மிச்சம் மூணு மரம் நிக்குது. காத்தடிச்சா அப்பா இன்னமும் கொட்டகைப் பக்கம்தான் பாக்குறாரு.