இரண்டாவது தாவல்

2021 ஆகஸ்ட் 2, திங்கட்கிழமை. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடவர் நீளம் தாண்டுதல் இறுதிப் போட்டி அங்கே முற்பகலில் நடந்தது. நமக்கு அது விடிந்து சற்று நேரமே ஆன பொழுது. பெருந்தொற்றினால் பார்வையாளர் இல்லாத அரங்கு. மகனோடு தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்தோம்.

கியூபாவின் குவான் மிகேல் எச்செவர்ரியா 8.41 மீட்டர் தாண்டி முன்னணியில் இருந்தார். அவருடைய நாட்டவரான மைக்கேல் மாஸோ 8.21 மீட்டருடன் அடுத்த இடத்தில். கிரேக்க வீரர் மில்டியாடிஸ் டெண்டோக்ளோ கடைசிச் சுற்று வரை நான்காம் இடத்தில்தான் நின்றார், பதக்கமே இல்லை. ஆறாவது முயற்சியில் அவர் ஓடி வந்து எழும்பினார். பலகையில் தெரிந்த எண்: 8.41.

எச்செவர்ரியாவுக்கு இன்னும் ஒரு வாய்ப்பு மிச்சமிருந்தது. ஆனால் காலில் காயம். ஓடத் தொடங்கியவரால் தாண்ட முடியவில்லை. தங்கம் கிரேக்கருக்குச் சென்றது.

“இருவரும் ஒரே தூரம்தானே வாப்பா? இது அநியாயம் இல்லையா?” என்று மகன் கேட்டான்.

விதியை விளக்கினோம். சிறந்த தூரம் சமமாகிவிட்டால், ஒவ்வொருவரின் இரண்டாவது சிறந்த தூரத்தைப் பார்ப்பார்கள். டெண்டோக்ளோவுக்கு அது 8.15, எச்செவர்ரியாவுக்கு 8.09. ஆறு சென்டிமீட்டர். 8.15 தாண்டியபோது அந்தத் தாவலை எவரும் பெரிதாகக் கருதியிருக்க மாட்டார்கள். பதக்கத்துக்கே போதாத தூரம் அது.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே நம் நாவு தடுமாறியது. அன்றைய சுப்ஹைச் சூரியன் உதிக்கச் சில நிமிடங்களே இருக்கையில் அவசர அவசரமாகத் தொழுதிருந்தோம். அது அன்றைக்கு மட்டும் நேர்ந்ததன்று. மூன்று மாதங்களுக்கு முன், ரமளானின் ஒற்றைப்படை இரவுகளில் விடிய விடிய விழித்திருந்தவர்கள்தாம் நாம். அந்த இரவுகளைப் பற்றி உறவினரிடம் சொல்லிக்கொண்டதும் உண்டு. நம்மை யாரேனும் மதிப்பிட்டால் அந்த இரவுகளைக் கொண்டுதான் மதிப்பிட வேண்டும் என்று உள்ளூர ஓர் ஆசை. சாதாரணத் திங்கட்கிழமை சுப்ஹை நாம் கணக்கிலேயே வைக்கவில்லை.

மறுமையின் மீஸானை ஒரு விளையாட்டு விதியோடு ஒப்பிடுவது நம் நோக்கமன்று. அல்லாஹ்வின் கருணை சென்டிமீட்டரில் அளக்கப்படுவதுமன்று. ஆயினும், அளவில் சிறிதானாலும் விடாது செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிக உவப்பானது என்னும் பொருளுடைய நபிமொழியைப் பலமுறை பயானில் கேட்டுத் தலையசைத்திருக்கிறோம். அது நம்மைக் குறித்தது என்று உறைத்தது அன்றுதான்.

எச்செவர்ரியாவின் மீது நமக்கு இரக்கம் உண்டு. அவர் சோம்பியிருந்து தோற்றவரல்லர்; உடல் ஒத்துழைக்கவில்லை. நமக்கோ காயம் ஏதுமில்லை. இரவு வெகுநேரம் கைப்பேசி பார்த்ததே காரணம். அதை மகனிடமும் ஒளிக்காமல் சொன்னோம். அவன் சிரித்தான்.

மறுநாளைக்கு அலாரம் வைத்தோம். இரண்டு நாட்கள் பாங்கு கேட்ட உடனே எழுந்தோம். மூன்றாம் நாள் அலாரத்தை அணைத்துவிட்டுப் புரண்டு படுத்தோம். சற்று நேரத்தில் அறைக் கதவு தட்டப்பட்டது. உளூச் செய்த ஈரக் கையோடு மகன் நின்றிருந்தான்.

“வாப்பா, எட்டுப் பதினைந்து” என்றான்.