‘யெஸ்டர்டே’ கேட்கும் வினைமுற்று

ஆய்வு மாணவர் ஒருவர் உதவித்தொகை அலுவலகத்துக்கு, ‘ஐ ஹேவ் சப்மிட்டட் த ஃபார்ம் யெஸ்டர்டே’ என்று எழுதுகிறார். தில்லியிலும் புனேயிலும் ஹைதராபாத்திலும் நாள்தோறும் எழுதப்படும் வாக்கியம்தான். இலக்கண நூல்கள் இதனைப் பிழை என்கின்றன. படித்தவர் சிலரோ இந்த ஒரு வரியைக் கொண்டே எழுதியவரின் தகுதியை எடைபோட்டுவிடுகின்றனர்.

பிழையின் வேர் கவனக்குறைவில் இல்லை. தமிழில் ‘நேற்றே அனுப்பியிருக்கிறேன்’ என்பது குறையற்ற வாக்கியம். இந்தியிலும் ‘கல்’ என்ற சொல்லோடு ‘பேஜா ஹை’ வரும். (அந்தக் ‘கல்’ நாளையையும் குறிக்கும் என்பது வேறு கதை.) செயல் நேற்று முடிந்தது, பயன் இன்றும் நிற்கிறது என்னும் இரண்டையும் ஒரே வினைமுற்று தாங்கிக்கொள்கிறது. ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும்கூட நேற்றைய செய்தியை ஏறத்தாழ இதே அமைப்பில்தான் சொல்கின்றனர். முரண்டு பிடிப்பது ஆங்கிலமே.

ஆங்கிலத்தில் ‘ஹேவ்’ சேர்ந்த வினை, பேசும் கணத்தையும் உள்ளடக்கிய காலப்பரப்பைக் கேட்கிறது. ‘டுடே’, ‘திஸ் வீக்’ அதற்குப் பொருந்தும். ‘யெஸ்டர்டே’, ‘லாஸ்ட் வீக்’, ‘டூ டேஸ் அகோ’ ஆகியவை கதவடைத்த பரப்புகள். அவற்றுக்கு எளிய இறந்தகாலமே உரியது. சுவையான இடம் ‘திஸ் மார்னிங்’. காலை 11 மணிக்கு ‘ஐ ஹேவ் சீன் ஹிம் திஸ் மார்னிங்’ எனலாம். மாலை 4 மணிக்கு அதே வாக்கியம் இடறும். ‘யெஸ்டர்டே’வுக்கு முன் ‘சின்ஸ்’ சேர்ந்தாலோ பரப்பு இன்றுவரை நீண்டுவிடும். ‘ஐ ஹேவ் பீன் இல் சின்ஸ் யெஸ்டர்டே’ குற்றமற்றது.

நேற்று நடந்தது உண்மையெனில், நேற்று என்று சொல்வதை இலக்கணம் ஏன் தடுக்க வேண்டும்? வுல்ஃப்காங் கிளைன் 1992-இல் ‘லாங்வேஜ்’ இதழில் எழுதிய கட்டுரை, தலைப்பிலேயே இதனைப் புதிர் என்றது. மொழியியலாளரே புதிர் என்று எழுதிய ஒன்றில் தடுமாறிய விண்ணப்பதாரரை நகைப்பது நியாயமன்று.

திருத்தப்பட்ட அச்சத்தில் பலர் ‘ஐ ஹேட் சப்மிட்டட்’ என்று தாவுகின்றனர். அதற்கு, பின்னர் நிகழ்ந்த இன்னொரு இறந்தகாலச் செயல் துணை வேண்டும். இந்தக் கடிதத்தில் அது இல்லை. ‘ஹேவ்’, ‘யெஸ்டர்டே’ இரண்டில் ஒன்றை நீக்கினாலே போதும். படிவம் இப்போது அலுவலகத்தின் கையில் இருக்கிறது என்பதே செய்தியானால் ‘யெஸ்டர்டே’ போகலாம். கடைசி நாள் நேற்றாக இருந்தால், போக வேண்டியது ‘ஹேவ்’.