ஒரே கார், மூன்று சாலைகள்

வேலை நாளில் எங்கள் கார் கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் போகும். கூட்டரசு நெடுஞ்சாலையில் 30 கிலோமீட்டருக்கு மேல். சனிக்கிழமை முதுகுவலியோடு அம்மா பின்னிருக்கையில் ஏறுவார், தெங்கு கிளானா சாலைக்குச் சாமான் வாங்க. மாதம் ஒரு விடியற்காலை, நான் மட்டும், கெந்திங் மலை வளைவுகளில்.

பழைய அப்சாபரில் எண்ணெய் கசிந்ததும் பட்டறையில் இரண்டு வழி சொன்னார்கள். உயரத்தையும் மாற்றும் காயில்ஓவர் ஒன்று. உயரம் அப்படியே இருக்க, கடினத்தை மட்டும் திருகி மாற்றும் அப்சாபர் மற்றொன்று. காரைத் தாழ்த்தினால் பார்க்க அழகுதான். ஆனால் ஒரு மணி நேர மழைக்கே தண்ணீர் தேங்கும் ஊரில், அடுக்குமாடி நிறுத்துமிடத்தின் சரிவில் ஏறி இறங்கும் எனக்கு அது எதற்கு?

திருகி, உள்ளே எண்ணெய் பாயும் வழியைக் குறுக்குகிறது. ஸ்பிரிங்கின் பலம் மாறுவதில்லை. இறுக்கினால் வளைவில் கார் சாய்ந்தாடுவது அடங்கும். அதற்காக முழுதும் இறுக்கிவிடக்கூடாது. துறைமுக லோரிகள் ஓடும் மேடுபள்ளச் சாலையில் டயர் துள்ளும். ஈரத்தில் அது ஆபத்து.

வாங்குமுன் ஒன்று கேளுங்கள்: பின்பக்கத் திருகி கைக்கு எட்டுமா? முன்னே பல கார்களில் பானெட்டைத் திறந்தால் போதும். பின்னே சில கார்களில் உறையைக் கழற்ற வேண்டும்; பலர் சலித்துப்போவது அங்கேதான். ஜேபிஜே விதிகளையும் காப்புறுதியையும் விசாரித்துவிடுங்கள்.

மலையிலிருந்து இறங்கும்போது கோம்பாக்கில் தோசைக்கு நிறுத்துவேன். நான்கு திருகிகளையும் தளர்த்த, தோசை வருவதற்குள் நேரம் இருக்கிறது.