பொய் அறிக்கை யாருக்காக?

ஸ்டார் வார்ஸ் ரசிகர்கள் அதிகம் திட்டுவது செனட் காட்சிகளைத்தான். லேசர் வாளை எதிர்பார்த்து வந்தவனிடம் வரி, வர்த்தகப் பாதை, விசாரணைக் குழு என்று பேசினால் யாருக்குத்தான் கடுப்பாகாது? எனக்கு மட்டும் அந்த வட்ட மண்டபம் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும். ஆயிரத்துச் சொச்சம் மிதக்கும் மேடைகள். பேச வேண்டியவர் தன் மேடையோடு நடுவுக்கு மிதந்து வருவார். (1999 படத்தில் ஒரு மேடையில் ஸ்பீல்பெர்க்கின் ஈ.டி. கூட்டம் உட்கார்ந்திருக்கும். தேடிப் பாருங்கள்.)

யாருக்கெல்லாம் மேடை கொடுத்திருக்கிறார்கள் என்பதிலேயே கோளாறு இருக்கிறது. நபூ கிரகத்தை வர்த்தகக் கூட்டமைப்பு முற்றுகை இடுகிறது. நபூவின் ராணி அமிடாலா செனட்டுக்கு வந்து முறையிடுகிறாள். உடனே எழுந்து ஆட்சேபிப்பது யார்? அதே வர்த்தகக் கூட்டமைப்பு. அவர்களுக்கும் அங்கே மேடை உண்டு. உண்மையா என்று பார்க்க ஒரு குழுவை அனுப்பலாம் என்கிறார்கள். சான்சலர் அதிகாரிகளின் காதுக்குள் முணுமுணுப்பைக் கேட்டுவிட்டுத் தலையாட்டுகிறார். எரிச்சலில் ராணி நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவருகிறாள். அப்படிச் செய்யச் சொல்லி ஆலோசனை கொடுத்த பால்பட்டீன் அடுத்த சான்சலர் ஆகிறார்.

அடுத்த படத்தில் ஜார் ஜார் பிங்க்ஸ். ஊரே வெறுக்கும் கோமாளி. செனட்டர் பத்மே இல்லாத நேரத்தில் அவளுடைய இடத்திலிருந்து, சான்சலருக்கு அவசர அதிகாரம் கொடுக்கும் தீர்மானத்தை முன்மொழிவது அவன்தான். எல்லாம் முறைப்படி நடக்கிறது. நெருக்கடி முடிந்ததும் அதிகாரத்தைத் திருப்பித் தந்துவிடுவேன் என்கிறார் பால்பட்டீன். மூன்றாவது படத்தில் அதே மண்டபத்தில் பேரரசை அறிவிக்கிறார். கைத்தட்டல் கேட்கிறது.

இந்தப் படங்களை நான் மறுபடி வரிசையாகப் பார்த்தது 2021-இல். கோவிட் காலம். அந்த ஜனவரி 12-இல் மலேசியாவில் அவசரநிலை பிரகடனம் ஆனது. ஜூலை 26 வரை மக்களவை கூடவில்லை. ஒப்பிட்டுப் பேச வரவில்லை, இங்கே யாரும் பேரரசர் ஆகவில்லை. ஆனால் அந்த மாதங்களில் எனக்கு ஒரு கேள்வி ஒட்டிக்கொண்டது. பேரரசர் ஆன பிறகும் பால்பட்டீன் ஏன் செனட்டைக் கலைக்காமல் வைத்திருந்தார்? கதைக் கணக்குப்படி 19 வருடம்!

நான் சிவில் இஞ்சினியர். ஸ்கூடாயில் படித்தேன். எனக்குத் தெரிந்த பதில் சைட்டிலிருந்துதான் வருகிறது. காங்கிரீட் போட்ட ஸ்லாப் தன் கனத்தைத் தானே தாங்கும்வரை கீழே ப்ராப் வைத்து முட்டுக் கொடுப்போம். பலம் ஏறியது தெரிந்ததும் உருவிவிடுவோம். மூன்றாம் படத்தின் முடிவில் டெத் ஸ்டார் வெறும் எலும்புக்கூடாக நிற்கும். 1977-இல் வந்த முதல் படத்தில், கதைப்படி 19 வருடம் கழித்து, அது தயார். அதே படத்தில்தான் செனட் கலைக்கப்படுகிறது. அதுவும் எப்படி? மண்டபத்தைக் காட்டவே மாட்டார்கள். ஒரு மீட்டிங் ரூம். கிளர்ச்சிக்காரர்களுக்கு செனட்டில் ஆதரவு கூடிக்கொண்டே போகும் என்று ஒரு தளபதி சொல்லும்போது டார்கின் உள்ளே வந்து, இனி அந்தக் கவலை வேண்டாம், பேரரசர் கலைத்துவிட்டார் என்கிறார். அதிகாரிகள் இல்லாமல் எப்படி ஆள்வது என்று கேட்கிறார் தளபதி. வட்டார ஆளுநர்கள் பார்த்துக்கொள்வார்கள், மற்றதை இந்த நிலையத்தின் மீதான பயம் பார்த்துக்கொள்ளும். இவ்வளவுதான். எங்கள் வாராந்திரக் கூட்டத்தில் லாரி வராததைப் பற்றி இதைவிட அதிக நேரம் பேசுவோம்.

என் தங்கச்சிக்கு வயது 20. அடுத்த பொதுத்தேர்தல்தான் அவளுக்கு முதல் ஓட்டு. பேர் தானாகவே பதிவாகிவிட்டது. கே.எல்.-இல் படிக்கிறாள், ஓட்டு குளுவாங்கில்.

“அக்கா, எல்லாம் கைத்தட்டத்தான் போறாங்க. அதுக்கு நான் பஸ் ஏறி வரணுமா?”

அவளுக்குக் குடியுரிமைப் பாடம் எடுக்க எனக்கு வாய் வராது. அந்த 1977 படத்தின் முதல் பத்து நிமிடத்தைப் போட்டுக் காட்டினேன். டார்த் வேடர் லேயாவின் கப்பலைப் பிடிக்கிறான். நான் செனட் உறுப்பினர் என்கிறாள் அவள். வேடர் நம்பவில்லை. ஆனால் பக்கத்தில் நிற்கும் அதிகாரிக்கு உதறல். இவளைப் பிடித்து வைத்திருப்பது வெளியே தெரிந்தால் செனட்டில் கிளர்ச்சிக்கு அனுதாபம் கிளம்பும் என்கிறான். வேடர் என்ன செய்கிறான்? கப்பலில் இருந்து ஆபத்துச் செய்தி அனுப்பிவிட்டு, எல்லாரும் செத்துவிட்டார்கள் என்று செனட்டுக்குத் தகவல் சொல்லச் சொல்கிறான்.

ஒரு கையால் ஆளின் கழுத்தை நெரித்துத் தூக்குகிறவன், பல் பிடுங்கிய அந்தச் சபைக்குப் பொய் அறிக்கை தயாரிக்க வேண்டியிருக்கிறது.

இது எனக்கு எங்கே உறைத்தது என்றால், முன்பு நான் வேலை செய்த ஒரு சைட்டில். க்யூப் டெஸ்ட் முடிவு சரியாக வரவில்லை. காங்கிரீட் போட்ட தேதியைக் கொஞ்சம் தள்ளி எழுதச் சொன்னார் மேலே இருந்தவர். நான் கையெழுத்துப் போடவில்லை. வேறு யாரோ போட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். கன்சல்டன்ட் பக்கத்தில் ஒரு அம்மா ஒவ்வொரு தாளையும் கண்ணாடி போட்டுக்கொண்டு படிப்பார், அந்தப் பயம். அடுத்து போன சின்ன வேலையில் யாரும் ரெக்கார்ட் கேட்கவில்லை. அங்கே யாருமே பொய் எழுதச் சொல்லவில்லை. தேவையில்லையே. அந்தக் கட்டடத்தின் கீழ் நடக்கத்தான் எனக்குக் கூடுதல் பயமாக இருந்தது.

செனட் கலைந்த பிறகு டார்கின் ஆல்டரானை வெடித்துச் சிதறடிக்கும்போது விபத்து என்று யாருக்கும் அறிக்கை போகவில்லை. எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்பதுதான் திட்டமே.

தங்கச்சி விடவில்லை. “அப்போ 2025-ல வந்த ஆண்டோர்ல? கோர்மான்ல அத்தனை பேரைக் கொன்னாங்க. செனட் இருந்துச்சுல்ல?”

இருந்தது. கோர்மான்காரர்கள் மேலேயே பழியைப் போட்டுப் பேசிக்கொண்டிருந்தது. மோன் மோத்மா எழுந்து, நடந்தது இனப்படுகொலை என்று சொன்னதும் அந்த மண்டபத்தில்தான். அவள் பேசும்போது ஒளிபரப்பை நிறுத்தத்தான் ஆட்கள் அலைகிறார்கள். பேசி முடித்த கையோடு அவள் தப்பி ஓட வேண்டியிருக்கிறது.

“செத்தவங்க செத்தவங்கதானே?” என்றாள்.

ஆமாம் என்றேன். அந்தப் பேச்சு கோர்மானில் ஒருவரையும் எழுப்பவில்லை.

கொஞ்ச நேரம் போனை நோண்டிக்கொண்டிருந்தாள். பிறகு, அந்தக் கேமராவை நிறுத்த விடாமல் இழுத்தடித்தவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டாள். பேசினவளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.