உறைந்த குப்பி

கணவன் மனைவி இருவருமே தமிழ் கற்பிப்பவர்கள் நாங்கள். உயிர்வேதியியல் துறையில் எங்களுக்கு வேலையில்லை. தேநீருக்கு நண்பரை அழைக்க மட்டும் அங்கே போவதுண்டு. அப்படிப் போன ஒரு மாலையில் அவர் சிறு குப்பி ஒன்றை மேசைமேல் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். உள்ளே வெண்தூள் சிறிதளவு.

“பெப்டைடு. மைனஸ் 20 டிகிரியிலிருந்து எடுத்தேன். அறையின் வெப்பத்துக்கு வரும்வரை திறக்கக் கூடாது. திறந்தால் காற்றின் ஈரம் தூளில் படியும், பிறகு மெல்ல மெல்லச் சிதையும்” என்றார்.

பெப்டைடு என்றால் என்னவென்று கேட்டோம். அமினோ அமிலங்கள் சங்கிலியாய்க் கோத்து நிற்பது. ஒவ்வோர் இணைப்பின்போதும் ஒரு நீர் மூலக்கூறு வெளியேறுகிறது என்றார். எங்களுக்குப் புணர்ச்சி இலக்கணம் நினைவுக்கு வந்தது. மரமும் வேரும் மரவேர் ஆகையில் மகரமெய் கெடுகிறதல்லவா? எழுத்துகளின் வரிசை மாறினால் சொல் மாறுவதுபோல் இங்கும் வரிசைதான் எல்லாம். இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள், 21, 30 என இரு சங்கிலிகளாக உள்ளன. அவற்றின் அமைப்பை 1955இல் முழுமையாகக் கண்டறிந்த கேம்பிரிட்ஜின் ஃபிரெடரிக் சாங்கர் 1958இல் நோபல் பரிசு பெற்றார்.

தூளைக் கரைத்ததும் ஒரு வேளைக்குரிய அளவாகச் சிறு குழாய்களில் பிரித்து உறையவைப்பாராம் நண்பர். திரும்பத் திரும்ப உருக்கி உறையவைத்தால் கெட்டுவிடும். மெத்தியோனைன், சிஸ்டீன் உள்ளவை காற்றிலேயே ஆக்சிஜனேற்றம் அடையக்கூடும்.

“கெட்டது எப்படித் தெரியும்?”

“பல வேளைகளில் பார்த்தால் தெரியாது. சோதனை தவறும். நாம் ஆய்வு மாணவனைக் கடிந்துகொள்வோம்.”

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

முந்தைய கோடையில், மின்தடைக்கு அஞ்சி, அம்மாவின் இன்சுலின் குப்பியை ஃபிரிட்ஜின் உறைபெட்டிக்குள் வைத்திருந்தோம். மறுநாள் அது பனிக்கட்டியாய் இருந்தது. உள்ளங்கையில் வைத்து உருக்கினோம். நீர்போலத் தெளிவாகவே இருந்ததால் தொடர்ந்து அதையே போட்டோம். சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. ஒளித்து இனிப்புத் தின்கிறீர்கள் என்று அம்மாவிடம் சினந்தோம். அலமாரியைப் பூட்டிச் சாவியையும் எடுத்துக்கொண்டோம்.

நண்பரிடம் சொன்னோம். உலர்ந்த தூளுக்கு உறைகுளிர் காப்பு. இன்சுலின் கரைசலுக்கோ அதுவே கேடு என்றார். உறைந்தால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று திரண்டு மருந்தின் ஆற்றல் குன்றிவிடலாம். பயன்படுத்தத் தொடங்காத குப்பியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஒருமுறை உறைந்துவிட்டால், உருகித் தெளிந்தாலும் எறிந்துவிட வேண்டும்.

அன்றிரவு அம்மாவின் அருகில் அமர்ந்து எல்லாவற்றையும் சொன்னோம். முழுவதும் கேட்டார். மூலக்கூறு பற்றி ஒன்றும் வினவவில்லை.

“அந்த மைசூர்பாகை நான் தொடவே இல்லைன்னு அப்பவே சொன்னேனே” என்றார்.